ரெண்டு கனெக்‌ஷன், ஒரே கம்பம்

வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருத்தன் இருந்தால், நெட் சம்பந்தப்பட்ட எல்லாப் பிரச்சினையும் அவன் தலையில்தான் விழும். எந்த டிபார்ட்மென்ட் என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். ஒடுகத்தூரில் எங்கள் தெருவில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்படித்தான் போன வருஷம் அக்கா சொன்னாள்: "டேய், ரெண்டாவது லைனும் போட்டாச்சு. ரெண்டையும் ஒண்ணா சேத்து வுடு. டபுள் ஸ்பீட் வரணும்."

நானும் வீராப்பாக, "ஒரு மணி நேரம் குடு" என்றேன். மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் எனக்கு ஒரு கருத்து உருவாகிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்: வீட்டுக்கு ரெண்டு பிராட்பேண்ட் எடுத்து வேகத்துக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் வீண். நெட் அறுந்து போகாமல் இருப்பதற்காகச் சேர்த்தால் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அந்த அர்த்தமும், ரெண்டு கம்பியும் உண்மையிலேயே ரெண்டு வழியாக வந்தால்தான். இந்தக் கடைசி விஷயத்தை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் நம்மைப் போன்ற "வீட்டு இன்ஜினியர்களும்" பார்ப்பதில்லை.

அக்காவுக்கு ஏன் ரெண்டு லைன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா பதினேழு வருஷம் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போனவர். விடியும் முன்னே சாப்பாடு கட்டி, கம்பெனி பஸ் பிடித்து, இருட்டிய பிறகு வருவார். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டின் கதை இதுதான். அக்கா பெங்களூரு கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள், குழந்தை பிறந்ததும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். ஆனால் கம்பெனி ஒரு ஃபார்ம் அனுப்பியது. அதில் ஒரு கேள்வி: பேக்கப் இன்டர்நெட் உண்டா? ஆம், இல்லை என்று ரெண்டு கட்டம். மீட்டிங் நடுவில் அடிக்கடி காணாமல் போனால் பெங்களூருக்கே திரும்ப வர வேண்டும் என்பது மேனேஜர் வாய்வழியாகச் சொன்னது. ஒன்றரை வயசுக் குழந்தையோடு, பெங்களூரு வாடகை கொடுத்து. அதனால் "ஆம்" கட்டத்தில் டிக் அடிக்க மாதம் இன்னொரு ஐநூறு ரூபாய்.

இனி என் திருவிளையாடல்கள். முதல் நாள் ரெண்டு கம்பெனி கொடுத்த மோடத்தையும் ஒரே ஸ்விட்சில் செருகினேன். ரெண்டும் தன்னை 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டன, ரெண்டும் போட்டி போட்டு வீட்டில் உள்ள போன்களுக்கெல்லாம் முகவரி கொடுத்தன. ஒரே வகுப்பில் ரெண்டு ஹெச்.ஓ.டி. மாதிரி. இருந்த நெட்டும் போனது. பிறகு ஒழுங்காகப் படித்துவிட்டு, ஒரு பழைய ரவுட்டரில் ஓபன்-டபிள்யூ-ஆர்-டி ஏற்றி, எம்-வான்-3 என்ற பேக்கேஜைப் போட்டு, ரெண்டு மோடத்தையும் அதன் ரெண்டு வாசலில் இணைத்தேன். ஒவ்வொரு லைனும் 40 எம்.பி.பி.எஸ். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 78 காட்டியது! ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டேன். மாமா ரெண்டு கை கும்பிட்டு எமோஜி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே அக்கா கேட்டாள்: "78ன்னியே, ஆபீஸ் ஃபைல் ஒண்ணு டவுன்லோடு போட்டா பழைய மாதிரிதானடா வருது?"

அவள் கேட்டது சரி. ஸ்பீட் டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கிறது. என் ரவுட்டர் பாதியை இந்த லைனிலும் பாதியை அந்த லைனிலும் அனுப்புகிறது. கூட்டினால் 78. ஆனால் பிரவுசரில் ஒரு ஃபைல் இறக்குவது ஒரே இணைப்பு. அது ஏதாவது ஒரு லைனில்தான் போகும், ஆக 40தான். கல்யாண வீட்டில் ரெண்டு பந்தி போட்டால் கூட்டம் சீக்கிரம் சாப்பிட்டு எழும். அதற்காக ஒரு ஆள் ரெண்டு இலையில் உட்கார்ந்து டபுள் ஸ்பீடில் சாப்பிட முடியாது. இதற்குப் பெயர் லோட் பேலன்சிங். வீட்டில் ஆறு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் பலன் தெரியும். டாரண்ட் மாதிரி, டவுன்லோட் மேனேஜர் மாதிரி ஃபைலைத் துண்டு போட்டு இழுக்கும் மென்பொருளிலும் தெரியும். அக்காவின் ஆபீஸ் வி.பி.என். ஒரே இணைப்பு என்பதால் அவளுக்குத் துளியும் தெரியாது.

ஏன் ஒரே இணைப்பை ரெண்டாகப் பிரிக்க முடியாது? ஒவ்வொரு லைனுக்கும் வெளியுலகில் தனித்தனி ஐ.பி. முகவரி. அந்தப் பக்கம் இருக்கும் சர்வர் நம்மை அடையாளம் வைத்திருப்பதே இந்த முகவரியையும் போர்ட் எண்ணையும் வைத்துத்தான். பாதி பாக்கெட் வேறு முகவரியிலிருந்து போனால் "நீ யாரு?" என்று தூக்கிப் போட்டுவிடும். இதன் குட்டி வடிவத்தை அப்பா அனுபவித்தார். பேங்க் வெப்சைட்டில் லாகின் ஆன பிறகு பக்கத்தின் ஒரு பாதி ஒரு லைனிலும் மறு பாதி இன்னொரு லைனிலும் போக, யாரோ திருடன் நுழைகிறான் என்று நினைத்து பேங்க் அவரை வெளியே தள்ளியது. மூன்று முறை. "உன் படிப்பு என் பென்ஷன்ல கை வைக்குது" என்றார். ஒரு சாதனம் ஒரு தளத்துக்குப் போனால் கொஞ்ச நேரம் அதே லைனில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி ரூல் போட்ட பிறகுதான் சமாதானம் ஆனார்.

உண்மையாகவே ரெண்டையும் உருக்கி ஒன்றாக்கும் வித்தையும் இருக்கிறது. பாண்டிங் என்பார்கள். அதற்கு வீட்டில் பிரிக்க ஒரு பெட்டி, வெளியே எங்கோ ஒரு டேட்டா சென்டரில் சேர்க்க ஒரு சர்வர் என ரெண்டு முனையும் வேண்டும். மல்ட்டிபாத் டி.சி.பி. என்ற நெறிமுறை இதற்காகவே 2013-ல் ஆர்.எஃப்.சி. 6824 ஆக வந்தது. அதே வருஷம் ஆப்பிள் தன் ஐ.ஓ.எஸ். 7-ல் சிரிக்காக இதைப் பயன்படுத்தியது. 2020-ல் திருத்திய பதிப்பு வந்தது, லினக்ஸ் கெர்னல் 5.6-லும் சேர்ந்தது. அதாவது டெக்னாலஜி இல்லாமல் இல்லை. ஆனால் நாம் போகும் வெப்சைட்டில் பெரும்பாலானவை இதைப் பேசுவதில்லை. அதனால் நடுவில் சொந்தமாக ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்து, எல்லா டிராஃபிக்கையும் அங்கே அனுப்பி அங்கிருந்து வெளியே விட வேண்டும். மாத வாடகை, கூடுதல் தாமதம். ரெண்டு லைனில் ஒன்று மந்தமாக இருந்தால் அதில் வரும் பாக்கெட்டுக்காக மற்றது காத்துக் கிடக்கும். அந்த ஒரு சர்வர் படுத்தால் ரெண்டு லைனும் சேர்ந்து படுக்கும். மினி ப்ராஜெக்டுக்கு அருமையான டாபிக். ஒரு குடும்பத்துக்குத் தேவையா என்றால், அந்தக் காசுக்கு ஒரே லைனில் பெரிய பிளான் போட்டுவிடலாம்.

ஆகவே வேகம் என்ற ஆசையை விட்டுவிட்டு ஃபெயில்ஓவருக்கு மாறினேன். ஒன்று போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும். அதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மோடத்தையே பிங் செய்ய வைத்திருந்தேன். மோடம் என் மேசையில் இருக்கிறது, கரண்ட் இருக்கும்வரை அது பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும், வெளியே கம்பி அறுந்து தொங்கினாலும். 8.8.8.8, 1.1.1.1 மாதிரி வெளியே இருக்கும் முகவரிகளைப் பிங் செய்யச் சொன்ன பிறகு சரியானது. ஒரு மோடத்தின் ஃபைபரை நானே பிடுங்கிப் பார்த்தேன். சில விநாடிகளில் மற்றது எடுத்துக்கொண்டது. வி.பி.என். மட்டும் ஒரு முறை விழுந்து எழுந்தது. வெற்றி. அக்கா அந்த ஃபார்மில் "ஆம்" என்று நிமிர்ந்து டிக் அடித்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. விடியற்காலையிலிருந்து வண்டி, ஆடு, ஆள், கூச்சல். பதினொரு மணி இருக்கும், உயரமாக வைக்கோல் ஏற்றிய ஒரு லாரி எங்கள் தெருமுனையில் திரும்பியது. நெட் போனது. ரெண்டும். ஒரே விநாடியில்.

அக்காவுக்குப் பதினொன்றரைக்கு கிளையன்ட் கால். போன் ஹாட்ஸ்பாட்டில் குரல் விட்டு விட்டு வர, குழந்தை அழ, கடைசியில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் தெருமுனைக்கு ஓடினேன். கேபிள் அண்ணன் ஏற்கெனவே ஏணியோடு நின்றிருந்தார்.

"அண்ணா, ரெண்டு கம்பெனியும் எப்படிண்ணா ஒண்ணா கட்டாகும்?"

"இன்னா தம்பி கேக்கற? ரெண்டும் ஒரே கம்பத்துலதான் வருது. இங்கருந்து மெயின் ரோடு வரைக்கும் பக்கத்துல பக்கத்துல கட்டிக்கீது. லாரிக்காரன் ரெண்டையும் சேத்து இழுத்துக்கினு பூட்டான்."

நான் நாலு வருஷமாக நெட்வொர்க் பற்றிப் படிக்கிறேன். தலையை நிமிர்த்தி அந்தக் கம்பத்தை ஒரு முறை கூடப் பார்த்ததில்லை. மின்வாரியக் கம்பத்தில் கருப்பு ஒயர்கள் சுருள் சுருளாகத் தொங்குவது நம் எல்லா ஊரிலும் இருக்கும் காட்சிதான். கண்ணுக்குப் பழகிவிட்டால் தெரியாது.

ப்ராபபிலிட்டி பேப்பரில் இந்தக் கணக்கைப் போட்டு மார்க் வாங்கியிருக்கிறோம். ஒரு லைன் 2 சதவீத நேரம் படுத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 30 நாள் மாதத்தில் சுமார் 14 மணி நேரம். ரெண்டு லைனும் சேர்ந்து படுப்பதற்கு 0.02-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.04 சதவீதம், மாதத்துக்கு வெறும் 17 நிமிடம். பார்க்க எவ்வளவு அழகு. ஆனால் கேள்வியில் "இன்டிபென்டன்ட்" என்று ஒரு வார்த்தை இருக்கும், நாம் அதை ஃபார்முலாவைத் தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படுத்துவோம். நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் மீடியத்தில் படித்த ரூம்மேட் அவன் புத்தகத்தில் இதற்கு "சார்பிலா நிகழ்ச்சிகள்" என்று இருக்கும் என்றான். சார்பு இல்லாதவை, ஒன்றை ஒன்று நம்பி நிற்காதவை. பள்ளியிலேயே இந்தச் சொல்லோடு படித்திருந்தால் ஒருவேளை கம்பத்தைப் பார்த்திருப்பேனோ என்னவோ. எங்கள் ரெண்டு லைனும் அந்தக் கம்பத்தைச் சார்ந்தவை. பெருக்கலுக்கே இடமில்லை. கம்பம் போனால் ரெண்டும் போகும், அவ்வளவுதான்.

இது ஒடுகத்தூர் தெருமுனைப் பிரச்சினை மட்டும் இல்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற ரெண்டு கடலடிக் கேபிள்கள் ஒரே நாளில் செயலிழந்தன. வேறு வேறு நிறுவனங்களுடைய, தனித்தனிக் கேபிள்கள், ஆனால் போன வழி ஒன்றுதான். இந்தியாவின் வெளிநாட்டு இணையத் திறனில் ஏறத்தாழ பாதி அன்று போனது. மேற்கே அடைத்ததும் டிராஃபிக்கை கிழக்குப் பக்கமாகச் சுற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் வழி இருந்ததில் நம்ம சென்னைக்கும் பங்குண்டு. 2002-லேயே சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 3,200 கி.மீ. நீளத்தில் ஐ-டு-ஐ கேபிள் போட்டிருந்தார்கள். அலெக்சாண்ட்ரியாவில் நங்கூரம் விழுந்தாலும் பூகம்பம் வந்தாலும் வங்கக் கடலில் கிடக்கும் கேபிளுக்கு ஒன்றும் ஆகாது. பாடம் படித்தாயிற்று என்றுதானே நினைப்போம்? 2025 செப்டம்பரில் செங்கடலில், ஜெட்டா அருகே, அதே சீ-மீ-வீ 4-ம் ஐ.எம்.இ.டபிள்யூ.இ. என்ற இன்னொரு கேபிளும் ஒரே நேரத்தில் அறுந்தன. மறுபடியும் ரெண்டு கேபிள், ஒரே இடம். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் வரை தாமதம் தெரிந்தது.

கரைக்கு வந்தால் ஜே.சி.பி. ரோடு போடுபவர், தண்ணீர்க் குழாய் போடுபவர், எல்லோரும் தோண்டுவார்கள். தோண்டும் முன் கேபிள் வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தோண்டுவதற்காக 2023 மார்ச் 22-ல் மத்திய அரசு "கால் பிஃபோர் யூ டிக்" என்று ஒரு ஆப் வெளியிட்டது. கண்டபடி தோண்டுவதால் வருஷத்துக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது சொன்னார்கள். கம்பத்தில் தொங்குவதற்கு அப்படி ஒரு ஆப் வந்ததாகத் தெரியவில்லை. வைக்கோல் லாரிக்காரர் யாருக்குப் போன் செய்ய வேண்டும்?

அரசாங்கத்துக்கு இந்த விஷயம் தெரியாமல் இல்லை. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தில், 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திருத்திய வடிவம் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய். அதில் முக்கியமான மாற்றங்களில் ஒன்று ரிங். முன்பு ஒற்றைக் கோடாகப் போன ஃபைபரை வளையமாக்கி, ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கம் சுற்றி வரும்படி செய்வது. ஆக, பஞ்சாயத்து அலுவலகம் வரை வரும் கம்பிக்கு ரெண்டு வழி வேண்டும் என்று டெல்லியில் புரிந்திருக்கிறது. அங்கிருந்து வீட்டு வாசல் வரை வரும் கடைசித் துண்டில்தான் எல்லாக் கம்பெனியும் ஒரே கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்கிறது. (மேலே பீஞ்சமந்தை மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வருபவர்களிடம் இதையெல்லாம் சொன்னால், "உனக்கு ரெண்டு லைன் இல்லாததுதான் கஷ்டமா?" என்று கேட்பார்கள். நியாயம்தான். அது தனிக் கட்டுரைக்கான கோபம்.)

என் கோரிக்கை பெரிசாக ஒன்றும் இல்லை. கனெக்‌ஷன் விற்க வருபவர் எத்தனை ஓ.டி.டி. இலவசம் என்று மனப்பாடமாகச் சொல்கிறார். உங்கள் ஃபைபர் எந்த ரோடு வழியாக வருகிறது, சொந்த ஃபைபரா, வேறு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்ததா என்று கேட்டால் முழிக்கிறார். இதை விண்ணப்பத்தில் ரெண்டு வரியாக எழுதித் தரச் சொல்லி விதி வைத்தால் என்ன? சின்ன ஆபரேட்டர்கள் பலர் பெரிய கம்பெனிகளிடமிருந்துதான் பேண்ட்வித் வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் முதல் லைன் அவரிடம், ரெண்டாவது லைன் அவருக்கே விற்பவரிடம் என்றால் நான் ஒரே கடையில் ரெண்டு பில் கட்டுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அதுவரை நாமே பார்த்துக்கொள்ளலாம். ரெண்டு லைனிலும் தனித்தனியாக டிரேஸ்ரூட் போட்டு வெளியே போகும் வழியில் ஒரே நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பிறகு செருப்பு போட்டுக்கொண்டு வெளியே போய் ஒயரின் கூடவே நடங்கள். ரெண்டாவது சோதனை முதலாவதை விட நம்பகமானது.

அக்காவின் கம்பெனி மாதிரி கம்பெனிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஆபீஸ் வாடகை, ஏ.சி., ஜெனரேட்டர் செலவெல்லாம் உங்களுக்கு மிச்சம். ரெண்டு பிராட்பேண்ட், யு.பி.எஸ். செலவு அவள் சம்பளத்தில். அதற்கு மேல் ஊர்க் கம்பம் சாய்ந்தால் "பொறுப்பில்லை" என்ற பெயரும் அவளுக்கா? அம்மா போன ஷூ கம்பெனியில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவது கம்பெனி வேலையாக இருந்தது. யாரும் அம்மாவை டீசல் வாங்கி வரச் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் என்ன இருக்கிறது என்றால், கேபிள் அண்ணனின் ஃபைபரை வைத்துக்கொண்டு இன்னொரு ஃபைபரைத் துண்டித்துவிட்டோம். அதற்குப் பதில் சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்று, மாடி ஜன்னலோரம். வேகம் பாதிதான், சாயங்காலம் இன்னும் குறையும். ஆனால் காற்றில் வருவதை லாரி இழுக்காது. டவருக்குப் பின்னாலும் எங்கோ ஃபைபர்தான் ஓடும், அது எங்கள் தெருக் கம்பம் இல்லை என்பதே போதும். ரெண்டு மோடத்துக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். கரண்ட் போனால் ரெண்டும் சேர்ந்து சாகும் என்பதும் அதே பாடம்தான், அதைக் கொஞ்சம் லேட்டாகத்தான் உணர்ந்தேன். ரவுட்டரில் ரூல் மாற்றி, ஃபைபர் போனால் 4ஜி-யில் அக்காவின் லேப்டாப்புக்கு மட்டும் முன்னுரிமை, மற்றவர்களுக்கு மிச்சம் மீதி.

ஸ்பீட் டெஸ்டில் இப்போது 78 வருவதில்லை. மாமா ஒரு முறை விசாரித்தார், பேச்சை மாற்றிவிட்டேன்.

போன வாரம் தெருவில் புளிய மரக்கிளை வெட்டும்போது ஃபைபர் அறுந்தது. நாற்பது நிமிடம். அக்கா மீட்டிங்கில் இருந்தாள். நடுவில் அஞ்சு விநாடி முகம் உறைந்ததாம், பிறகு பேச்சைத் தொடர்ந்துவிட்டாள். மதியம் சாப்பிடும்போது நான் சொல்லித்தான் லைன் போனதே அவளுக்குத் தெரியும். கத்தியது தம்பி மட்டும்தான், கேம் லேக் ஆகிறதென்று.